நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று

ஹார்லன்ஸ் பெண்ட், மிசிசிபி
ஏப்ரல் 9, 1962

அன்புள்ள ஆர்டிஸ் அண்ணனுக்கு,

வெர்டெல் எழுதுவது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. சிகாகோவில் பேனா கிடைப்பதில்லை போலிருக்கிறது. போகட்டும், இந்தத் தடவை சண்டைக்கு வரவில்லை. உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே ஒரு பொட்டலம் வரும். குலுக்காதே, கீழே போடாதே, பிள்ளைகள் கையில் கொடுக்காதே. இரண்டு தகரத் தட்டுகளை முகத்தோடு முகம் வைத்துக் கட்டியிருக்கிறேன். நடுவில் பஞ்சு, அந்தப் பஞ்சுக்கு நடுவில் அப்பாவின் இசைத்தட்டு. ஆமாம், அப்பாவினுடையதுதான். நீ சிகாகோ போன நாலாம் வருஷம், எனக்குப் பத்தொன்பது வயதில், அம்மாவின் டிரங்குப் பெட்டியில் போர்வைக்கு அடியில் கண்டெடுத்தேனே, அது. உனக்கு அப்போதே எழுதினேன், நீ பதில் போடவில்லை. அதற்கப்புறம் நீ ஊருக்கு இரண்டு தடவை வந்தாய், இரண்டும் சாவுக்கு. சபைக்காரர்கள் பிசாசுப் பாட்டு என்கிற ப்ளூஸைச் சாவு வீட்டில் வைக்க முடியுமா? அதனால் நீ இதைக் கேட்டதே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு வெள்ளைக்காரர் வாசலில் வந்து நின்று தொப்பியைக் கழற்றி என்னை "மேடம்" என்று கூப்பிட்டார். எதிர்வீட்டு ஓரா திரைச்சீலையைக் கிழிக்காத குறையாக எட்டிப் பார்த்தாள். பெயர் விட்காம்ப், ஏதோ பல்கலைக்கழகமாம். வீடு வீடாகப் போய்ப் பழைய தட்டுகள் இருக்கிறதா என்று கேட்கிறார். நம் தட்டைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கரப்பான் அரித்து "கிதாருடன்" என்ற ஒரு சொல்தான் மிச்சம். பெயர் இல்லை. ஓரத்தில் கீறியிருக்கும் எண்ணைத் தன் நோட்டில் பார்த்துவிட்டு, அதிலும் பெயர் இல்லை போல, "இதோட இன்னொரு பிரதி எங்கயும் இருக்கறதா தெரியலைங்க மேடம். யாரு பாடினது?" என்றார். "எங்க அப்பா, ரோஸ்கோ பெட்டிஸ்" என்றேன். எழுதிக்கொண்டார்.

பழைய பாட்டுகளைப் புதிய பெரிய தட்டாகப் போடப் போகிறார்களாம், இதையும் சேர்த்து, அப்பா பெயர் அச்சிட்டு. தட்டைக் கொடுங்கள் என்றார். உயிரே போனாலும் கொடுக்க மாட்டேன் என்றேன். என் அண்ணன் சிகாகோவில் டேப்பில் பதித்து அனுப்புவான், அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மே மாதக் கடைசியில் மறுபடி வருகிறார். உன் பக்கத்து வீட்டுக்காரரிடம் டேப் ரிக்கார்டர் இருப்பதாக நீதானே எழுதியிருந்தாய்?

முதலில் கேட்கும்போது உனக்கு ஒன்றும் புரியாது. கோழி பொரிகிற சத்தம்தான் வரும். பயந்துவிடாதே. அந்தப் பொரியலைக் காது நாலைந்து சுற்றில் ஒதுக்கிவிடும், அடியில் குரல் இருக்கும். இரண்டாம் பாட்டடி முடிகிற இடத்தில் ஒரு கீறல், டொக் டொக்கென்று பதினோரு தடவை வரும். மூன்றாவது டொக்கில் ஊசி குதிக்கும், அதற்கு ஊசி தாங்கும் கையின் தலையில் ஒரு பித்தளைப் பொத்தானை வைத்துவிடு. பதினேழு வருஷமாகக் கேட்கிறேன் அண்ணா. டவுனில் புதுத் தட்டுகள் கண்ணாடி மாதிரி சுத்தமாகப் பாடுகின்றன, எனக்கு ஒன்றும் ஏறவில்லை. இதில் அப்பா எதையோ தாண்டிக்கொண்டு என்னிடம் வருகிற மாதிரி இருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன், அப்பா பெயர் அச்சில் வரப்போகிறது என்று. அடுப்பைக் கிளறிக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் வேதாகமம் பேசுகிறவளுக்கு இதற்கு மட்டும் ஒரு வசனம் கிடைக்கவில்லை. சபைக்குள் போய் விழுந்து, பாட்டெல்லாம் பிசாசு என்று சொல்லி, அந்த மனிதரை ஆர்க்கன்சாஸுக்குத் துரத்தியவள் அவள்தான். முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன்.

உன் தங்கை,
வெர்டெல்

சிகாகோ
ஏப்ரல் 22, 1962

வெர்டெலுக்கு,

பொட்டலம் வந்து சேர்ந்தது. உடையவில்லை. பக்கத்து வீட்டு மெல்வின் வீட்டில் வைத்து இரண்டு பக்கமும் டேப்பில் எடுத்தாயிற்று.

இது அப்பா இல்லை. அந்த விட்காம்ப் என்பவரிடம் பெயர் எதுவும் தர வேண்டாம். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள். யார் பாடியது என்று தெரியாது என்று சொல்லிவிடு, அவர்களுக்கு அதுவே போதும்.

இங்கே எல்லோரும் சுகம். பணிமனையில் புதிய பேருந்துகள் வந்திருக்கின்றன, மோட்டார்கள் ஒன்றும் சரியில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அவளைத் திட்டாதே.

ஆர்டிஸ்

ஹார்லன்ஸ் பெண்ட்
ஏப்ரல் 27, 1962

ஆர்டிஸ் அண்ணனுக்கு,

பதினோரு வரி. எண்ணிப் பார்த்தேன். அதில் ஒன்று பேருந்தைப் பற்றி.

"இது அப்பா இல்லை." எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்! உனக்கு எட்டு வயது வரை அப்பா இருந்தார். தோளில் உட்கார்ந்து ஆற்றுக்குப் போனாய், மீன் பிடித்தாய். எனக்கு என்ன இருந்தது? அவர் போகும்போது எனக்கு இரண்டு வயது. ஒரு முகம்கூட நினைவில் இல்லை. என் பங்குக்கு வந்த அப்பா இந்தத் தட்டில் மூன்று நிமிஷம் இருக்கிறார், திருப்பிப் போட்டால் இன்னொரு மூன்று நிமிஷம். அதையும் நீ பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறாய்.

உனக்கு அவர்மேல் கோபம், எனக்குத் தெரியாதா? அவர் போன பிறகு எட்டு வயதில் உன்னை ஏர் பிடிக்க விட்டார்கள். அதற்காக அவர் பெயர் எங்கேயும் வரக்கூடாது, அப்படித்தானே? நல்ல மனசு!

நான் அம்மாவிடமே கேட்டிருக்கிறேன். தட்டைக் கண்டெடுத்த அன்றே, "இது அப்பாவா?" என்று கேட்டேன். "கேட்டுட்டுதானே இருக்க, அப்புறம் என்ன கேள்வி?" என்றாள். இல்லையென்று சொல்லவில்லையே. வீட்டில் பிரசங்கத் தட்டும் ஞானப்பாட்டுத் தட்டும் தவிர எதுவும் ஓடக்கூடாது என்பவள், இதை மட்டும் உடைக்கவில்லை. நான் வைத்தால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். மனசாட்சி உறுத்துகிறது, வேறென்ன.

உன் மெல்வினின் இயந்திரம் கோளாறாக இருக்கும். நம் கிராமபோனில் அந்தக் குரல் எப்படி வரும் தெரியுமா? ஆழமாக, நிதானமாக, கிணற்றடியில் நின்று ஒரு பெரிய ஆள் பேசுகிற மாதிரி. பஞ்சு ஆலை மெக்கானிக் கிளியோஃபஸ் போர் முடிகிற சமயத்தில் அதைத் திறந்து, உள்ளே ஒடிந்துபோன எதற்கோ பதில் மெத்தைக் கம்பியை வளைத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து நிற்காமல் ஓடுகிறது. ஜாக்சன் பிரசங்கியாரின் தட்டைப் போட்டால் அவர் காளை மாடு மாதிரி உறுமுவார், நாங்கள் சிரிப்போம். ஒரு ஞானப்பாட்டுத் தட்டு இருக்கிறது, பெண்கள் குழு என்று போட்டிருக்கும், பாடுவது என்னவோ தடித்தடி ஆண்கள். கம்பெனிக்காரன் காகிதத்தை மாற்றி ஒட்டிவிட்டான் என்று ஓரா சொல்வாள்.

ஒரே ஒரு கேள்வி. அப்பா இல்லையென்றால் யார்? உனக்குத் தெரியும் என்று தோன்றுகிறது. தெரியாதவன் இவ்வளவு சின்னக் கடிதம் எழுத மாட்டான்.

வெர்டெல்

சிகாகோ
மே 6, 1962

அன்புள்ள வெர்டெலுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இது நாலாவது.

உன் கடிதத்தில் பெண்கள் குழு ஆண்கள் மாதிரி பாடுகிறது என்று படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அதுவரை நீ ஏதோ கற்பனை செய்துகொண்டு பிடிவாதம் பிடிக்கிறாய் என்றே நினைத்தேன். என்னை மன்னித்துக்கொள்.

உட்கார்ந்துகொண்டு படி. அந்தக் காலத்துத் தட்டு நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றுச் சுற்ற வேண்டும். மெல்வினின் மின்சார இயந்திரம் அப்படித்தான் சுற்றுகிறது. கிளியோஃபஸ் வளைத்த மெத்தைக் கம்பி நம் கிராமபோனை அறுபதில் ஓட்டுகிறது என்று வைத்துக்கொள். தட்டு மெதுவாகச் சுற்றினால் பாட்டு மட்டும் மெதுவாகாது, குரலும் இறங்கும். பிரசங்கியார் காளை மாடாவார். பெண் ஆணாகிவிடுவாள்.

நேற்று மறுபடி மெல்வின் வீட்டுக்குப் போனேன். தட்டு சுற்றும்போது அடியில் இருக்கும் வட்டத்தின் ஓரத்தில் விரலை லேசாக அழுத்தி வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். நீ சொன்ன ஆள் வந்தார், வெர்டெல். கிணற்றடியில் நிற்கிற பெரிய ஆள். நீ பொய் சொல்லவில்லை. நல்ல குரல், நானே ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு விரலை எடுத்தேன்.

பாடுவது அம்மா.

போன மாதம் முதல் தடவை ஊசியை வைத்தபோதே தெரிந்துவிட்டது. பொரியல் சத்தம் ஓயும் முன்னே தெரிந்துவிட்டது. மெல்வினும் அவன் மனைவியும் "என்னப்பா, மழை பெய்யுது?" என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டேன். நீ பிறந்த புதிதில் அம்மா துணி வேகவைக்கிற கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று பாடுவாள். தெருவில் போகிறவர்கள் வேலியோரம் நிற்பார்கள். உனக்கு அது தெரிய வாய்ப்பில்லை. சபையில் வாயசைத்துக்கொண்டு கை தட்டுகிற அம்மாவைத்தான் நீ பார்த்திருக்கிறாய்.

அவர்கள் என்னை ஹாட்டி அத்தையிடம் விட்டுவிட்டு மூன்று நாள் மெம்ஃபிஸ் போனது நினைவிருக்கிறது. உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள், நீ இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தாய். ஓட்டல் அறை ஒன்றில் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டிருந்தார்கள் என்று அம்மா திரும்பி வந்து அத்தையிடம் சொன்னாள். பாடும்போது காலால் தட்டாமல் இருக்க முடியவில்லையாம், தட்டினால் ஊசி அதிர்கிறதாம், கடைசியில் பாதத்துக்கடியில் தலையணையை வைத்துவிட்டார்களாம். நான் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் தாத்தா சபை மூப்பர் என்பதால் வேறு பெயரில்தான் தட்டு வந்திருக்கும். சபை வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்பாய். அவள் இன்று சபைத் தாய். வெள்ளை உடுப்போடு முன்வரிசையில் உட்காருகிறவள். அவளே பதினேழு வருஷம் மூடி வைத்ததைத் திறக்க நான் யார் என்று நினைத்தேன்.

தட்டையும் டேப்பையும் அனுப்புகிறேன். கிராமபோனின் வட்டத்தைக் கழற்றினால் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதை வலப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அது எத்தனை தடவை உன்னைக் கடக்கிறது என்று எண்ணு. எழுபத்தெட்டு வந்ததும் நிறுத்து. மெத்தைக் கம்பி தாங்காவிட்டால் எழுது, நான் நல்ல சுருள்வில் அனுப்புகிறேன்.

திருப்பாமலே விட்டுவிட்டாலும் எனக்குச் சம்மதம்தான். அது உன் இஷ்டம்.

ஆர்டிஸ்

மே 16, 1962

அண்ணனுக்கு,

பொட்டலம் வந்தது. பிரிக்கவில்லை. அலமாரி மேல் வைத்திருக்கிறேன். உன்மேல் கோபமா என்று எனக்கே தெரியவில்லை. இப்போதைக்கு எழுதாதே.

வெ.

ஹார்லன்ஸ் பெண்ட்
மே 26, 1962, சனிக்கிழமை

அன்புள்ள அண்ணா,

வியாழக்கிழமை காலை பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளிக்கிழமை விட்காம்ப் வருகிறார், ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். நீ சொல்வது பொய்யென்று காட்டிவிடலாம் என்றுதான் திருகைத் திருப்பினேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அறுபதெல்லாம் இல்லை, அறுபத்திரண்டு. காகிதத்தை எண்ணி எண்ணி எனக்குத் தலை சுற்றியது. எழுபத்தெட்டு வந்ததும் ஊசியை வைத்தேன்.

அம்மா பின்கட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் பொரியல். அப்புறம் ஒரு பெண். இளம் பெண், வாயில் திமிர், காலை உதைத்துக்கொண்டு பாடுகிறாள். அண்ணா, என் அப்பா செத்துப்போனார். அவர் எங்கே எப்போது செத்தாரோ நமக்குத் தெரியாது, எனக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் செத்தார். உன்னைச் சபித்தேன். கிளியோஃபஸைச் சபித்தேன், அந்த ஆள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

பின்கட்டில் பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றது. பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, அந்தத் தட்டு ஓடும்போது அம்மா முன்னறைக்குள் வந்தாள். மடியில் இருந்த தொலியெல்லாம் தரையில் கொட்டியது, அவள் கவனிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். ஊசி உள்வட்டத்தில் போய் உரசியது.

"இப்பதான் சரியா ஓடுது" என்றாள். "இத்தன வருஷமா என்னை எருமைக் கெடா மாதிரி கத்த வச்சுட்டியேடி."

எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. "ஏம்மா சொல்லல? நான் கேட்டேனே!" என்று கத்தினேன்.

"என்ன கேட்ட? அப்பாவான்னு கேட்ட. யாருன்னா கேட்ட? பத்தொம்பது வயசுப் பொண்ணு, அந்தப் பாட்டுப் பொட்டி மேல கன்னத்த வச்சுக்கிட்டு அழுதுட்டுக் கெடக்குற. இல்லடி, அது நான்தான்னு எப்படிச் சொல்றது? உனக்கு அம்மா இருந்தா. இல்லாதது அப்பன்தான்."

நான் இவளை என்னென்ன பேசியிருக்கிறேன்! பாட்டைக் கொன்றவள் என்றேன். உன் சபைதான் அவரைத் துரத்தியது என்றேன். அவள் குரலை அவளுக்கே போட்டுக் காட்டிவிட்டு, இப்படிப் பாடுகிற மனுஷனைத் துரத்தினாயே என்று அழுதேன். இதையெல்லாம் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"பேசின. பேசிட்டுப் போயி எனக்கு ரொட்டியும் சுட்டுக் குடுத்த. விடு" என்றாள். "உங்க அப்பன யாரும் துரத்தல. ஆத்துக்குக் கரை கட்டுற வேலைக்குன்னு போனான், போன எடம் பிடிச்சிருந்துச்சு. அவன் கால் அப்படி."

பாடுவதை ஏன் விட்டாள் என்று கேட்டேன். தட்டு வந்த வருஷமே தாத்தா யார் வீட்டிலோ அதைக் கேட்டுவிட்டாராம். சொந்த மகள் குரல் தெரியாதா? சபை முன்னால் மனந்திரும்புகிறவர்கள் பெஞ்சில் மண்டியிட வைத்து, இனிப் பாட மாட்டேன் என்று சொல்ல வைத்தாராம். "பாட்ட விடுன்னாங்க. விட்டேன். ப்ளூஸ மட்டும் விடுன்னு சொல்லலையே! அப்புறம் ஞானப்பாட்டுக்கு மட்டும் வா வான்னா எப்படி வரும்? முப்பத்துமூணு வருஷமா வாயத்தான் அசைக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தாள் பார், அண்ணா, அந்தத் தட்டில் இருக்கிற திமிர் அப்படியே இருக்கிறது. அறுபது வயதை நெருங்குகிறவளுக்கு!

நேற்று விட்காம்ப் வந்தார். நான் வாயைத் திறக்கும் முன் அம்மாவே வாசலுக்குப் போனாள். "உக்காருங்க. நோட்ட எடுங்க. பாடுனது ஜெனிவா பெட்டிஸ்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். டேப்பைக் கையில் கொடுத்தேன். அவர் அழாத குறை.

பிறகு அம்மா, "இன்னும் இருக்கு, எழுதுங்க. கிதார் ரோஸ்கோ பெட்டிஸ்" என்றாள்.

எனக்குத் தோன்றவே இல்லை, அண்ணா. காகிதத்தில் மிச்சமிருந்த ஒரே சொல் அதுதானே. குரலிலேயே தொங்கிக்கொண்டிருந்த நான், கிதாரை யார் வாசித்தார்கள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. பாடுகிற ஆளே வாசித்துக்கொள்கிறார் என்று விட்டுவிட்டேன்.

நாளைக்கு ஆராதனைக்கு முன்னால் போதகரிடம் அவளே சொல்லிவிடப் போகிறாள், ஓரா வாயால் போவதற்குள். முன்வரிசையை எடுத்துவிடுவார்களே அம்மா என்றேன். "எடுக்கட்டும். பின்வரிசையில ஜன்னல் இருக்கு, காத்து வரும்" என்கிறாள். ராத்திரியெல்லாம் அவளுக்குத் தூக்கமில்லை என்பது எனக்குத் தெரியும். பயமில்லாமல் இல்லை. நானும் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு கூடவே போகிறேன், அவள் எங்கே உட்காருகிறாளோ அங்கே உட்காருவேன்.

நேற்று விட்காம்ப் போனதும் அம்மா தட்டை மறுபடி போடச் சொன்னாள். நான் கிராமபோன் பெட்டியிலேயே காதை வைத்துக் கேட்டேன். கிதார் பிடிபடவே இல்லை. பொரியல் சத்தம் பாதியை விழுங்கிவிடுகிறது, மீதியை அவள் குரல் மூடிக்கொள்கிறது. "கேக்கலம்மா" என்றேன்.

"பொறு. நான் ஓயாம கத்திட்டிருந்தா அவன் சத்தம் எப்படிக் கேக்கும்? ரெண்டாவது அடி முடியட்டும்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முழங்காலில் கை வைத்தாள். பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் விரலால் தட்டினாள்.

"இந்தா, இங்க நான் மூச்சு வாங்குறேன். இப்பக் கேளு. உங்க அப்பன்."

மூன்று நரம்புச் சத்தம், அண்ணா. அவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் போய்விட்டது. ஆனால் கேட்டேன்.

உன் தங்கை,
வெர்டெல்